ஒரு கருப்புத் திட்டும் மறந்துபோகும் பெயர்களும்

விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த தலைவலிக்குக் காரணம் தேடி, சென்ற ஆண்டு என் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். தலையை அசைக்கக்கூடாது என்ற ஒரே கட்டளையோடு, காதைத் துளைக்கும் தட்டல் ஓசைக்கு நடுவே அரைமணி நேரம் அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கைக்கு வந்த ரிப்போர்ட்டில் தலைவலிக்கான காரணம் எதுவும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் யாரும் தேடாத ஒன்று இருந்தது: இடது பொட்டுமடலின் (காதுக்கு மேலே, பொட்டுப்பக்கம் உள்ள மூளைப்பகுதி) முன்முனையை ஒட்டி, 31 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அராக்னாய்டு நீர்க்கட்டி. தற்செயலாகத் தென்பட்டது, சிகிச்சை தேவையில்லை என்று அடுத்த வரியிலேயே அதை முடித்துவைத்திருந்தார்கள்.

நரம்பியல் மருத்துவர் படங்களைக் கணினித் திரையில் உருட்டிக் காட்டினார். மவுஸின் சக்கரத்தை அவர் சுற்றச் சுற்ற, உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வோர் அடுக்காகத் திறந்துகொண்டே வந்தது. கண்குழிகள் தெரியத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். ஒரு பக்கம் சாம்பல் நிற மடிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு திட்டு. அதைச் சுற்றியிருந்த மூளை நசுங்கியதாகத் தெரியவில்லை. கல்லைச் சுற்றி வேர் வளைந்து போவதைப் போல ஒதுங்கி வளர்ந்திருந்தது. கரு வளரும் காலத்திலேயே மூளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு இரண்டாகப் பிரிந்து, இடையில் நீர் தேங்குவதால் உண்டாவது இது என்றும், ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம் இப்படி ஒன்று தென்படுகிறது என்றும், பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இருக்கும் என்றும், பலர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் ஆறுதல் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஆறுதலைவிட ஒரு விளக்கம். சிறு வயதிலிருந்தே எனக்கு மனிதர்களின் பெயர் நிற்பதில்லை. முகம் நினைவிருக்கும், எங்கே சந்தித்தோம் என்பது நினைவிருக்கும், அவருடைய மகள் என்ன படிக்கிறாள் என்பதுகூட நினைவிருக்கும். பெயர் மட்டும் வராது. ஆறு ஆண்டுகள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவரைப் புதிதாக வந்த ஒருவருக்கு அறிமுகப்படுத்தப் போய், "இவர்..." என்று தொடங்கி, அதற்குமேல் ஒன்றும் வராமல் கையை நீட்டியபடி நின்ற நிமிடம் இன்னும் உறுத்துகிறது. அவரே தம் பெயரைச் சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். வேடிக்கைக்காகத்தான் செய்கிறார் என்றாலும் எனக்கு வலிக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவன் இணையத்தில் இடது பொட்டுமடலின் முன்முனை என்று தேடினால் என்ன ஆகும்? நரம்பியலாளர் ஹன்னா டமாசியோவும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு எதிரே வந்து நின்றது. மூளையின் வெவ்வேறு இடங்களில் பாதிப்புற்ற நோயாளிகளுக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னபோது, விலங்குகளின் பெயருக்கும் கருவிகளின் பெயருக்கும் தடுமாறியவர்களின் பாதிப்பு வேறு வேறு இடங்களில் இருந்தது. இடது பொட்டுமடலின் முன்முனை பாதிக்கப்பட்டவர்களோ தெரிந்த மனிதர்களின் பெயரைச் சொல்லத் திணறினார்கள். படத்தில் இருப்பவர் யார், என்ன செய்தவர் என்று அவர்களால் விவரிக்க முடிந்தது, பெயர்தான் வரவில்லை. படித்து முடித்தபோது என் கதையை யாரோ எழுதிவைத்ததைப் போலிருந்தது. திட்டு அங்கே, தடுமாற்றம் இங்கே, இரண்டுக்கும் நடுவே ஆராய்ச்சியே பாலம் போட்டுக் கொடுத்துவிட்டது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மூளையின் அமைப்பில் உள்ள வேறுபாட்டையும் அதன் செயலில் உள்ள வேறுபாட்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதை, அதற்குப் பிந்தைய மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முடிச்சுப் போடும் வேலையின் தொடக்கப்புள்ளி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1861-ஆம் ஆண்டு. பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த லெபோர்ன் என்பவரால் 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதையும் பேச முடியவில்லை. பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தபின், அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா மூளையை எடுத்துப் பார்த்து, இடது நெற்றிமடலின் பின்பகுதியில் சிதைவு இருப்பதைக் கண்டார். பேச்சு இங்கே குடியிருக்கிறது என்ற முடிவு அங்கிருந்து கிளம்பி, இன்றுவரை பாடப்புத்தகங்களில் 'ப்ரோக்கா பகுதி' என்ற பெயரோடு நிற்கிறது.

ப்ரோக்கா செய்த ஒரு நல்ல காரியம், அந்த மூளையைக் குறுக்கே வெட்டாமல் முழுதாகப் பதப்படுத்தி வைத்ததுதான். அதனால் 2007-இல் நீனா டிரங்கர்ஸ் குழுவினரால் அதையே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் பார்க்க முடிந்தது. மேற்பரப்பில் ப்ரோக்கா கண்ட சிதைவு உண்மையில் வெகு ஆழம்வரை இறங்கியிருந்தது. மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையையும் அது அறுத்திருந்தது. ப்ரோக்கா பகுதி மட்டும் சிதைந்தவர்கள் பலருக்குப் பேச்சு கொஞ்சக் காலத்தில் பெருமளவு திரும்பிவிடுகிறது என்பதும் இப்போது தெரியும். ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியலாளர் 1874-லேயே இதை எச்சரித்திருந்தார்: பேச்சை அழிக்கும் சிதைவு எங்கே இருக்கிறது என்று காட்டுவது ஒன்று, பேச்சு எங்கே இருக்கிறது என்று காட்டுவது வேறொன்று. ஒரு பாலத்தை உடைத்தால் ஊருக்குள் தபால் வராது. அதற்காகத் தபால் பாலத்தில் எழுதப்படுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

என் விஷயத்தில் இதற்கு இன்னொரு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. டமாசியோவின் நோயாளிகளுக்கு நேர்ந்தது சேதம்: வளர்ந்து, பழகி, வேலை செய்துகொண்டிருந்த ஒரு மூளையில் திடீரென்று நேர்ந்த இழப்பு. என்னிடம் இருப்பது வேறுபாடு. மூளை முதலிலிருந்தே அந்தத் திட்டைச் சுற்றித்தான் தன்னைக் கட்டிக்கொண்டது. ஸ்கேன் படத்தில் இரண்டும் ஒரே கருப்பாகத் தெரியலாம், ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கதைகள் வேறு.

அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அமெரிக்கப் பெண்ணின் மூளை சாட்சி. அவருக்கு இடது பொட்டுமடல் ஏறக்குறைய முழுவதுமாக இல்லை. குழந்தைப் பருவத்திலோ அதற்கு முன்போ ஏற்பட்ட பக்கவாதம் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், இருபத்தைந்து வயதில்தான் அது அவருக்கே தெரியவந்தது. எவெலினா ஃபெடரென்கோவின் ஆய்வுக்குழு அவரை அழைத்துச் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவருடைய மொழித்திறனில் குறை எதுவும் இல்லை, சொல்வளம் சராசரிக்கு வெகு மேலே. அயல்மொழியான ரஷ்ய மொழியையும் கற்றுச் சரளமாகப் பேசுகிறார். மற்றவர்களுக்கு இடப்பக்கம் நடக்கும் மொழி வேலை அவருக்கு வலப்பக்கத்தில் நடக்கிறது. வலது பொட்டுமடல் இருக்கிறது என்பதற்காக எவருக்கும் இப்படி நடந்துவிடாது; நடுவயதில் ஒருவர் அதே இடது மடலைப் பக்கவாதத்தில் இழந்தால் பேச்சு பெருமளவு போய்விடும். அமைப்பு ஒன்றே, இழப்பு ஒன்றே, வந்த காலம் மட்டும் வேறு.

2014-இல் 'பிரெய்ன்' இதழில் வெளியான இன்னொரு நிகழ்வும் உண்டு. தலைசுற்றலுக்காக மருத்துவமனைக்கு வந்த 24 வயதுச் சீனப் பெண்ணுக்குச் சிறுமூளையே இல்லை. அது இருக்க வேண்டிய இடம் முழுவதும் நீர். மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் (நரம்பு உயிரணுக்களில்) ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். எண்ணிக்கையில் முக்கால் பங்குக்கும் மேல் இல்லாமல் அவர் நடக்கிறார், பேசுகிறார், குடும்பம் நடத்துகிறார். ஆனால் அவர் நடக்கத் தொடங்கியது ஏழு வயதில், புரியும்படி பேசத் தொடங்கியது ஆறு வயதில். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் இன்னும் இருக்கின்றன. இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் பகிர்ந்து, 'மூளையால் எதுவும் முடியும்' என்று முடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மூளையால் எதுவும் முடியாது. மிகச் சீக்கிரம் தொடங்கினால், விலை கொடுத்து, பலவற்றைச் சமாளிக்க முடியும், அவ்வளவுதான்.

மூளையின் பருமனைப் பற்றிய பழைய கேள்வியை நான் வேகமாகக் கடந்துவிட நினைத்தேன், ஆனால் என் தவற்றை எனக்குக் காட்டியதே அந்தக் கேள்விதான். எழுத்தாளர் துர்கனேவின் மூளை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. நோபல் பரிசு பெற்ற அனத்தோல் ஃபிரான்ஸின் மூளை ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது. 1955-இல் ஐன்ஸ்டைன் இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி எடுத்துவைத்துக்கொண்ட மூளையின் எடை 1,230 கிராம், அதாவது சராசரி ஆணைவிடக் கொஞ்சம் குறைவு. எடை கைகொடுக்காததால் ஆய்வாளர்கள் உள்ளே தேடினார்கள். ஹார்வி சுமார் 240 துண்டுகளாக வெட்டி வைத்திருந்ததில் நான்கு துண்டுகளைப் பெற்ற மரியன் டயமண்ட், இடப்பக்கத்து உச்சிமடலின் ஓரிடத்தில் நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளையா உயிரணுக்களின் விகிதம் அதிகம் என்று 1985-இல் எழுதினார். பழைய புகைப்படங்களை அளந்த சாண்ட்ரா விட்டல்சன், உச்சிமடல் மற்றவர்களுடையதைவிட அகலம் என்று 1999-இல் எழுதினார்.

இவர்கள் கண்டது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த மூளையை எடுத்துக்கொண்டாலும், நூறு இடங்களில் அளந்தால் நாலைந்து இடங்களிலாவது அது சராசரியிலிருந்து விலகியிருக்கும். ஐன்ஸ்டைன் இயற்பியலாளர் என்று தெரிந்தபின் அளந்ததால், அந்த விலகல்களில் கணிதத்துக்குப் பொருந்துவது கண்ணில் பட்டது. அவர் வயலினும் வாசித்தார், படகும் ஓட்டினார், காலுறை அணிவதை வெறுத்தார். காலுறை வெறுப்புக்கான மடிப்பை யாரும் தேடவில்லை. நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான். ஒரே ஒரு மூளை, அதில் ஒரே ஒரு விலகல், அதற்குப் பக்கத்தில் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு குறை. கட்டி வலது பிடரிமடலில் (பார்வையைக் கவனிக்கும் பின்பகுதி) இருந்திருந்தால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் இடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம் என்று இதே உறுதியோடு சொல்லியிருப்பேன்.

ஒருவரைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் தொடர்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் மெல்லியது. மூளையின் பருமனுக்கும் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கணக்கின்படி, 0.24 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லாததாகத் தோன்றவில்லை. ஆனால் அதன் பொருள், மதிப்பெண்களில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஆறு சதவீதத்துக்கும் குறைவான பங்கைத்தான் பருமன் விளக்குகிறது என்பது. மீதித் தொண்ணூற்று நான்கு வேறெங்கோ இருக்கிறது. ஆண்களின் மூளை சராசரியாகப் பெண்களுடையதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெரிது, நுண்ணறிவுச் சராசரியிலோ அதற்கு ஈடான வேறுபாடு இல்லை. இந்த ஒன்றே பருமன் வாதத்தை அடக்கிவைக்கப் போதும்.

பருமனை விட்டு, இந்த மடல் தடிமன், அந்தப் பகுதிக்கு இணைப்பு அதிகம் என்பது போன்ற நுணுக்கமான ஒப்பீடுகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐம்பதாயிரம் பேரின் ஸ்கேன்களை வைத்துக்கொண்டு ஸ்காட் மேரெக் குழுவினர் 2022-இல் 'நேச்சர்' இதழில் காட்டியது இது: மூளை அமைப்புக்கும் அறிவுத்திறன் அல்லது மனநிலை போன்றவற்றுக்கும் உள்ள தொடர்புகளில் பெரும்பாலானவை மிகமிகச் சிறியவை, அவற்றை நம்பகமாகக் கண்டுபிடிக்கவே ஆயிரக்கணக்கானோர் தேவை. அதுவரை வந்த இத்தகைய ஆய்வுகள் பலவும் இருபது முப்பது பேரை வைத்துச் செய்யப்பட்டவை. சின்னக் கூட்டத்தில் தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்த தொடர்புதான் கட்டுரையாகிறது, செய்தியாகிறது, பிறகு வேறொருவர் செய்து பார்க்கும்போது காணாமல் போகிறது. 'சோம்பேறிகளின் மூளையில் இந்தப் பகுதி சிறியதாம்' என்ற வகைச் செய்திகளை நான் இப்போதெல்லாம் எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள் என்ற வரியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் அசையாமல் நிற்கும் ஓர் ஆய்வு வரிசை உண்டு. அதை விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. லண்டனில் டாக்ஸி உரிமம் வேண்டுமென்றால், சாரிங் கிராஸை மையமாக வைத்து ஆறு மைல் ஆரத்துக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களையும் ஆயிரக்கணக்கான இடங்களையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் படித்தும் பாதிப்பேர் தேறுவதில்லை. நரம்பியல் ஆய்வாளர் எலினார் மகுவையர் 2000-இல் இத்தகைய பதினாறு ஓட்டுநர்களின் மூளையைப் பார்த்தபோது, இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாகவும், முன்பகுதி சிறிதாகவும் இருந்தன. பதினாறு பேர்தானே என்று நான் மேலே சொன்ன அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். மகுவையரே அதைக் கேட்டுக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. வண்டி ஓட்டுவதாலும் நெரிசலில் அல்லல்படுவதாலும் இப்படி ஆயிற்றோ என்று, ஒரே தடத்தில் போய்வரும் பேருந்து ஓட்டுநர்களோடு ஒப்பிட்டார். அவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இயல்பிலேயே பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்களோ என்று, பயிற்சியைத் தொடங்கும் 79 பேரை முன்கூட்டியே ஸ்கேன் செய்துவைத்துக்கொண்டு, கேத்தரின் உல்லெட்டோடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

2011-இல் வந்த விடை இது: தொடக்கத்தில் தேறப்போகிறவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் மூளையில் வேறுபாடு இல்லை. தேறிய 39 பேரிடம் மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது; முயன்று தோற்றவர்களிடம் வளரவில்லை. ஆக, அமைப்பில் கண்ட வேறுபாடு திறமைக்குக் காரணமாக முன்கூட்டி நிற்கவில்லை, திறமையைச் சம்பாதித்த தடமாகப் பின்னால் வந்து சேர்ந்தது. இதிலும் இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. தேறியவர்கள், சிக்கலான ஒரு வரைபடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் சோதனையில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கக் கற்றவர்களை வைத்து ஜெர்மனியில் செய்த ஆய்வும் இதே திசையில்தான் பேசுகிறது: மூன்று மாதப் பயிற்சியில், நகரும் பொருளைக் கண்ணால் தொடரும் பகுதியில் நியூரான்கள் செறிந்த சாம்பல் நிறப் பொருள் கூடியது, பயிற்சியை விட்ட மூன்று மாதத்தில் குறைந்தது. இந்த இரண்டையும் படித்தபின், ஓர் ஒற்றை ஸ்கேனை வைத்துக்கொண்டு இது காரணமா விளைவா என்று சொல்ல முடியும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

'கூடியது' என்ற சொல்லையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி நியூரான்களை எண்ணுவதில்லை; திசுக்களில் உள்ள நீரிலிருந்து வரும் சமிக்ஞையைப் பதிவுசெய்கிறது. வழக்கமான ஸ்கேனில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனசதுரம். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து, வலிப்பு நோய்க்கான அறுவையில் அகற்றப்பட்ட, மனித மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து ஏறத்தாழ அதே ஒரு கன மில்லிமீட்டர் அளவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் முழுவதும் வரைந்து 2024-இல் வெளியிட்டன. அந்த மணலளவுத் துணுக்கில் சுமார் 57,000 உயிரணுக்களும், நியூரான்கள் ஒன்றோடொன்று இணையும் 15 கோடி சினாப்ஸ்களும், 23 சென்டிமீட்டர் நீளத்துக்கு ரத்தக் குழாய்களும் இருந்தன. இத்தனையும் ஸ்கேனில் சாம்பல் நிறத்தின் ஒரே சாயலாகத்தான் வந்து விழுகின்றன. சாயல் மாறினால், கிளைகள் கூடினவா, ரத்தக் குழாய் விரிந்ததா, கிளையா உயிரணுக்கள் பெருகினவா என்று அந்தப் புள்ளி சொல்லாது. உடலில் நீர் குறைந்தால்கூட மூளையின் அளவு சற்றுக் குறைந்து பதிவாகும். தலையை லேசாக அசைத்தால் புறணி மெலிந்ததாகத் தோன்றும். அசையாதீர்கள் என்று என்னிடம் அவ்வளவு வற்புறுத்தியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, ஒவ்வொரு நியூரானையும் ஒவ்வோர் இணைப்பையும் வரைந்துவிட்டால் செயல் தானாகத் தெரிந்துவிடுமா? என்னை மிகவும் ஆட்டிவைத்தது இந்தக் கேள்விதான், விடையைத் தந்தது நண்டு. நண்டின் வயிற்றுப் பகுதியில், உணவை அரைக்கவும் வடிகட்டவும் தசைகளுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறு நரம்புமுடிச்சு இருக்கிறது. அதில் உள்ளவை முப்பதுக்கும் குறைவான நியூரான்கள். யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். நரம்பியலாளர் ஈவ் மார்டர் தம் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த முப்பதோடு செலவிட்டு, இரண்டு உண்மைகளை நிறுவினார். ஒன்று, அதே இணைப்புகள் மீது வேறு வேறு வேதிப்பொருள்களை விட்டால் வேறு வேறு தாளங்கள் பிறக்கின்றன. கம்பிகள் மாறவில்லை, பாட்டு மாறிவிடுகிறது. மற்றொன்று அதைவிட வியப்பானது: இரண்டு நண்டுகளின் இணைப்பு வலிமைகளை அளந்தால் பல மடங்கு வேறுபடுகின்றன, ஆனால் இரண்டும் போடும் தாளம் ஏறக்குறைய ஒன்றே. ஒரே அமைப்பிலிருந்து பல செயல்கள், பல அமைப்புகளிலிருந்து ஒரே செயல். முப்பது நியூரான்களிலேயே இப்படியென்றால், படத்தில் ஒரு மடிப்பு ஒதுங்கியிருப்பதை வைத்துப் பெயர் மறப்பதை விளக்கப் புறப்பட்ட என்னை என்ன சொல்வது!

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்க்கோடிக்கும் ஓடிவிடக்கூடாது. அமைப்பு முக்கியமில்லை என்று சொல்ல எவராலும் முடியாது. மூளையின் உட்பக்கச் சுவரில், நெற்றிமடலில், சிலருக்கு இருந்து சிலருக்கு இல்லாத ஒரு பள்ளம் உண்டு. பிறப்பதற்கு முன்பே மடிந்துவிடுவது என்பதால், டாக்ஸி ஓட்டியோ பந்து எறிந்தோ அதை உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இரு பக்கமும் இல்லாத நலமான மனிதர்கள், ஒரு சொல்லைத் தாம் உண்மையில் பார்த்ததா மனத்துக்குள் நினைத்துக்கொண்டதா என்று பிரித்தறியும் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் இந்தப் பள்ளம் குட்டையாக இருந்தவர்களுக்கு இல்லாத குரல்களைக் கேட்கும் அனுபவம் அதிகமாக இருந்தது. இங்கே காரணம் பின்னோக்கி ஓட வழியில்லை என்பதால் இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளம் இல்லாத பலரும் எந்தக் குரலும் கேட்காமல் நிம்மதியாக வாழ்கிறார்கள் என்பதும் உண்மை.

பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். பிரெய்ல் எழுத்துகளை விரலால் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். பக்கவாதத்தில் இரு பக்கத்துப் பிடரிமடல்களும் பாதிக்கப்பட்டன. மற்றவர்களுக்குப் பார்வையைக் கவனித்துக்கொள்ளும் பகுதி அது. அவருக்கு இழக்கப் பார்வை இல்லை. ஆனால் பிரெய்ல் போய்விட்டது. புள்ளிகள் விரலில் படுவது தெரிந்தது, எழுத்தாகச் சேரவில்லை. எந்த இடம் எந்த வேலைக்கு என்பதை இடம் மட்டும் முடிவுசெய்வதில்லை, அதற்கு என்ன வந்து சேர்கிறது என்பதும் சேர்ந்து முடிவுசெய்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்றை நான் படித்ததில்லை.

என் கட்டிக்குத் திரும்புகிறேன். அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆய்வும் இருக்கிறது. நார்வேயின் பெர்கன் நகர அறுவை மருத்துவர்கள், பொட்டுமடல் நீர்க்கட்டியை வடித்துவிட்டபின் சில நோயாளிகளின் நினைவுச் சோதனை மதிப்பெண்கள் உயர்ந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. ஒருவேளை நான் முதலில் நினைத்ததுதான் சரியோ என்ற ஆசை மீண்டும் தலைதூக்கியது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் ஒரு கட்டியாக இருந்தால் பொறுப்பு என்னுடையதாக இருக்காது. காலையில் நிதானமாக யோசித்தேன். அவர்கள் தொல்லை தாங்காமல் அறுவைக்கு வந்தவர்கள். என்னைப்போல் தற்செயலாகத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். என் பெயர் மறதி எப்போதும் ஒரே அளவில் இருக்கிறது. பெயர் மறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் மட்டும் இல்லை. எந்தக் கூட்டத்திலும் பாதிப்பேராவது அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் இரண்டாவது ஸ்கேன். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே திறந்து, கருப்புத் திட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மவுஸால் கோடிழுத்தார். 31 மில்லிமீட்டர். நான் அதுவரை கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டேன்: பெயர்கள் நிற்காததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா, டாக்டர்?

அவர் சிரித்தார். "எனக்கும் பெயர் நிற்காது. படிக்கிற காலத்தில் ஓர் ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் படுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான மூளை" என்றார்.

"அதுவும் ஒரே ஒரு மூளைதானே, டாக்டர்" என்றேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்து வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.